ஏழாம் கற்பனைக்கு இரண்டு புள்ளி

இறம்பொடையில் மழை பிடித்துக்கொண்டால் தகரக் கூரையின் கீழ் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அப்படியொரு சனிக்கிழமை பிற்பகல், தோட்டத்துச் சபை மண்டபத்தில் 11 பிள்ளைகள் நீள வாங்குகளில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். வினாத்தாளைத் தயாரித்தவள் நான். ஒன்றரை மணித்தியாலம், 100 புள்ளிகள். இன்னும் மூன்று வாரங்களில் அந்தப் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடக்கவிருந்தது.

"ஒன்றரை வருசமா படிக்கிறாங்க. என்னதான் படிச்சிருக்காங்கன்னு நீங்க ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க மகள். நான் கேட்டா பயத்துல ஒப்பிச்சிட்டு ஓடிடுறாங்க" என்று போதகர் ஐயா என்னிடம் கேட்டிருந்தார். சமூகவியல் படித்தவள் நான். வேலையும் சமூக சேவைதான். நாளும் பொழுதும் படிவம் நிரப்புகிற வேலை. போதாததற்கு அதே சபையில் 14 வயதில் திடப்படுத்தல் பெற்றவள். ஆகவே இது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. ஒரே இரவில் வினாத்தாளைத் தட்டச்சு செய்து முடித்தேன். பிழை அந்த இரவிலேயே நடந்துவிட்டது.

வேறு சமயத்தைச் சேர்ந்த வாசகிகளுக்காகச் சிறிது விளக்கம் சொல்ல வேண்டும். லுத்தரன் சபையில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். அன்று பெற்றோரும் ஞானப் பெற்றோரும் குழந்தைக்குப் பதிலாகச் சொன்னதை, வளர்ந்தபின் பிள்ளை தானே சபை முன் நின்று சொல்வதுதான் திடப்படுத்தல். கத்தோலிக்க சகோதரிகளுக்கு உறுதிபூசுதல் ஓர் அருட்சாதனம். லுத்தரன்களுக்கு அப்படியல்ல, ஒரு படிப்பின் முடிவில் வருகிற அறிக்கை. அதன் பிறகே எங்கள் சபையில் பிள்ளையை நற்கருணைக்குச் சேர்த்துக்கொள்வது வழக்கம். மற்றப் பிள்ளைகள் முன்னால் போய் முழங்காற்படியிட, ஒரு பிள்ளை மட்டும் வாங்கிலேயே இருந்துவிடுவது தோட்டத்தில் சின்ன விஷயம் அல்ல. அடுத்த நாள் பெரட்டுக்களத்தில் அது பேச்சாகிவிடும்.

படிக்கிற புத்தகம் மெல்லியது. மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம். பத்துக் கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, நற்கருணை என்று ஆறு பகுதிகள். கற்பனைகளிலும் ஜெபத்திலும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இதற்கு என்ன அர்த்தம் என்றொரு கேள்வி வரும், அதற்கொரு விடை. நான் செய்ததெல்லாம், அந்த விடைகளை எழுத்துப் பிசகாமல் எழுதச் சொன்னதுதான். அறநெறிப் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மாருக்கும், க.பொ.த. சாதாரண தரத்தில் சமய பாடம் எழுதியவர்களுக்கும் இந்த வகைப் பரீட்சை புதிதல்ல.

ஆகக் கூடிய புள்ளி 96. பெற்றவன் ஒரு பையன். கமா, முற்றுப்புள்ளி முதற்கொண்டு புத்தகத்தில் உள்ளபடியே எழுதியிருந்தான். ஆகக் குறைந்தது 31. அது 15 வயதுப் பெண் பிள்ளை. (பிள்ளைகள் அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஏழாம் கற்பனைக்கு 10 புள்ளி வைத்திருந்தேன். களவு கூடாது என்கிற கற்பனை அது. மெதடிஸ்த சகோதரிகள் அதை எட்டாவதாக எண்ணுவார்கள். லுத்தரன்களும் கத்தோலிக்கரும் எண்ணும் முறையில் ஏழாவது. அந்தப் பிள்ளை கற்பனையை எழுதிவிட்டு, அர்த்தம் எழுத வேண்டிய இடத்தில் இரண்டே சொல் எழுதியிருந்தாள்: "தராசிலயும் தான்." நான் அதன் கீழே சிவப்புக் கோடு இழுத்து, கற்பனைக்கு மட்டும் 2 புள்ளி போட்டேன்.

வரவுப் புத்தகத்தையும் பார்த்தேன். 60 வகுப்புகளில் 23க்குத்தான் வந்திருந்தாள். "இப்பிள்ளை இம்முறை ஆயத்தமில்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று அறிக்கையில் எழுதினேன். போதகர் ஐயா வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தாய்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க மகள்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து லயத்துக்குப் போனேன். காம்பரா பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, "இன்னைக்குக் கைக்காசு மிஸ். தாயும் மகளும் மலைக்குப் போயிருக்காங்க. கொழுந்து நிறுக்கிற நேரம், மடுவத்துக்குப் போனா பிடிச்சிடலாம்" என்றார்கள். ஞாயிறு வேலைக்குப் பேர் இல்லை. பறித்த கிலோவுக்குக் காசு. வீட்டுச் செலவு இழுபறியாக இருக்கிற எந்தத் தாயும் அதை விடமாட்டாள். பிள்ளை ஞாயிறு வகுப்புக்கு வராத 37 நாட்களுக்கும் காரணம் அந்த ஒரு சொல்லிலேயே இருந்தது. ஓய்வுநாளைப் பற்றிய மூன்றாம் கற்பனைக்கும் நான் அவளுக்குக் குறைந்த புள்ளிதான் போட்டிருந்தேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

கொழுந்து மடுவத்தில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். படங்கு நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. அந்தப் பிள்ளை தாயின் சாக்கைத் தூக்கித் தராசில் மாட்டிவிட்டு, முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது. கணக்கப்பிள்ளை ஒரு எண்ணைச் சொல்லிப் புத்தகத்தில் எழுதினார். தாய் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். திரும்பி வருகிற வழியில் நான் விஷயத்தை எடுப்பதற்கு முன்பே பிள்ளை சொன்னாள்:

"22 இருந்திச்சு மிஸ். 18ன்னு எழுதினாங்க. தண்ணிக்கு, சாக்குக்குன்னு கழிப்பாங்க. ஆனா மழை இல்லாத நாளும் அதே கழிவுதான். அதத்தான் நான் அன்னைக்கு எழுதினேன். புத்தகத்துல உள்ள வசனம் வரல்ல."

தாய் உடனே, "சும்மா இரு புள்ள" என்றார்.

அன்றிரவு நான் ஞானோபதேசத்தைத் திறந்து ஏழாம் கற்பனையின் விளக்கத்தை முதல்முறையாகப் பாடமாக்குவதற்காக அல்லாமல் வாசித்தேன். அயலானின் பணத்தையும் பொருளையும் எடுக்காமல் இருப்பது மட்டும் அல்ல, பொய்ச் சரக்காலும் பொய் வியாபாரத்தாலும் அதை நம்முடையதாக்கிக்கொள்ளக் கூடாது, அவன் பிழைப்புக்கு உதவ வேண்டும் என்கிறார் லுத்தர். அதே ஆண்டு எழுதிய பெரிய ஞானோபதேசத்தில் கள்ள அளவையும் கள்ள நிறையையும் நேராகவே சொல்கிறார். அந்தப் பெரிய புத்தகத்தைப் பிள்ளை கண்ணால் கண்டதில்லை. அதில் உள்ளதை இரண்டே சொல்லில் எழுதியிருந்தாள். நான் சிவப்புக் கோடு போட்டிருந்தேன்.

இந்தப் புத்தகம் எழுதப்பட்ட கதையும் ஒரு பரிசோதனையில்தான் தொடங்குகிறது. 1528இல் லுத்தர் சக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிடப் போனார். கிராமத்து மக்களுக்குக் கிறிஸ்தவ போதனை ஏதும் தெரியவில்லை, பல போதகர்களுக்கே கற்றுக்கொடுக்கத் தெரியவில்லை என்பதைக் கண்டு நொந்துபோய்த்தான் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். முன்னுரையில் அவர் முதலில் திட்டுவது படிக்காத மக்களை அல்ல. அவர்களைக் கவனியாது விட்ட பேராயர்களை. படிக்க மறுப்பவர்களை நற்கருணைக்குச் சேர்க்க வேண்டாம், சாப்பாடுகூடக் கொடுக்க வேண்டாம் என்று கடுமையாகவும் அதே முன்னுரையில் எழுதுகிறார், அதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் படிக்க மறுப்பது வேறு, கைக்காசுக்குப் போவது வேறு. முதலில் சொல் மாறாமல் கற்பியுங்கள், அதன் பிறகு அர்த்தத்தைக் கற்பியுங்கள் என்று வரிசையும் சொல்லியிருக்கிறார். நாம் முதல் படியில் ஏறி நின்றுகொண்டு அதுவே மாடி என்று நினைத்துவிட்டோம்.

திடப்படுத்தலுக்குப் படிப்போடு உள்ள தொடர்பும் பழையது. 1539இல் ஜெர்மனியின் ஹெசன் நாட்டில் மார்ட்டின் பூசர் அதை ஒழுங்குபடுத்தினார். 1706இல் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துப் பழகினார்கள். கற்பிக்க வந்தவர்கள் முதலில் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். 1713இல் தரங்கம்பாடியில் தமிழ் அச்சு வேலை தொடங்கியது. எங்கள் மலைநாட்டுச் சபை தரங்கம்பாடி வழி வந்ததல்ல. 1895இல் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஊழியம் தொடங்கிய அமெரிக்க மிசூரி சினட் வழி வந்தது. தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்த மக்களோடு வந்த சபை. ஆனால் புத்தகம் ஒன்றுதான், கேள்வியும் ஒன்றுதான்.

பல்கலைக்கழகத்தில் எழுத்தறிவு பற்றிப் படித்தபோது சுவீடன் நாட்டுக் கதை ஒன்று வந்தது. அப்போது அதைப் பரீட்சைக்கு மட்டும் படித்தேன். அங்கு 1686ஆம் ஆண்டுச் சபைச் சட்டப்படி எல்லோரும் வாசிக்கப் பழக வேண்டும். போதகர் ஊர் ஊராகப் போய், வீட்டாரையும் வேலைக்காரரையும் கூட்டி வைத்துச் சோதிப்பார். பதிவேட்டில் ஒவ்வொருவர் பேருக்கு எதிரேயும் வாசிப்புக்கு ஒரு நிரல், ஞானோபதேச மனனத்துக்கு ஒரு நிரல், விளங்கிக்கொண்டதற்குத் தனியே இன்னொரு நிரல். எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடசாலை என்ற சட்டம் அங்கு வந்தது 1842இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே ஆண்களைப் போலவே பெண்களும் வாசிக்கத் தெரிந்திருந்தார்கள், ஏனென்றால் வீட்டில் கற்றுக்கொடுத்தவர்களில் தாய்மாரும் இருந்தார்கள். அந்தப் பக்கம் டென்மார்க்கிலும் நோர்வேயிலும் 1736இல் திடப்படுத்தலையே சட்டக் கடமையாக்கினார்கள். அது இல்லாமல் கல்யாணம் முடிக்க முடியாது. சமயப் படிப்பு இப்படி அரசாங்கச் சான்றிதழாவது எனக்கு ஒப்பில்லை. ஆனால் அந்தச் சுவீடன் பதிவேட்டின் கடைசி நிரல் என் வினாத்தாளில் இல்லை.

அறிக்கையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, இரண்டாம் முறை கேட்கப் போனேன். இம்முறை தாள் இல்லை. பின்னேரங்களில் பிள்ளைகளின் வீட்டு வாசலில், பீலிக்கரையில், கிடைத்த இடத்தில் உட்கார்ந்து பேசினேன்.

பரமண்டல ஜெபத்தில் அன்றாட ஆகாரம் கேட்கிற விண்ணப்பத்துக்கு லுத்தர் ஒரு நீண்ட பட்டியல் கொடுக்கிறார்: உணவு, உடை, வீடு, நிலம், மாடு, பணம், நல்ல அரசாங்கம், நல்ல அயலார் இப்படி. "இதில் உங்க வீட்டுல என்னென்ன இருக்கு?" என்று கேட்டேன். நல்ல அரசாங்கம் என்றதும் எல்லாருக்கும் சிரிப்பு. வீடு என்றதும் ஒரு சின்னப் பையன், "இருக்கு மிஸ். எங்க பேருல இல்ல" என்றான். 1823 முதல் கணக்கு வைத்து 2023இல் மலையகம் 200 என்று நாம் நினைவுகூர்ந்தோமே, அதன் சாரத்தை அவன் ஐந்து சொல்லில் சொல்லிவிட்டான். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டதையும், மிஞ்சியிருந்தவர்களுக்கு அது கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்ததையும் அவனுக்கு நான் சொன்னேன். ஞானோபதேச வகுப்பில் இது வேண்டாத கதை என்று மூப்பர் ஒருவர் பிறகு குறைப்பட்டார். அந்தப் பட்டியலில் நல்ல அரசாங்கம் இருக்கிறபோது இது எப்படி வேண்டாத கதையாகும் என்று தெரியவில்லை.

நான்காம் கற்பனையில்தான் எனக்கு வாய் அடைத்தது. தாய் தகப்பனைக் கனம்பண்ணும் கற்பனை அது. லுத்தரின் விளக்கம் பெற்றோரோடு எஜமான்களையும் சேர்த்துச் சொல்கிறது. "அப்ப துரையும் அதுல சேருவாரா மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஒரே கூரையின் கீழ் எஜமானும் வேலைக்காரனும் சாப்பிட்டுப் படுத்த 16ஆம் நூற்றாண்டு வீட்டைப் பற்றி ஏதோ சொல்லிப் பார்த்தேன். அவள் முகத்தில் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை. நானும் 14 வயதில் அதே வரியை ஒப்புவித்து முழுப் புள்ளி வாங்கினவள்தான். அந்தக் கேள்வி எனக்கு அன்று வரவில்லை.

96 எடுத்த பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்கு அநியாயம் செய்தவளாவேன். அவனிடம் அர்த்தம் கேட்டபோது புத்தகத்தில் உள்ளதையே திரும்பச் சொன்னான். உன் சொல்லில் சொல் என்றால் விழித்தான். கிளிப்பிள்ளை என்று மனதுக்குள் முடிவுகட்டிக்கொண்டுதான் அவன் வீட்டுக்குப் போனேன். அங்கே அப்பாயி பாயில் படுத்திருந்தார். பல மாதமாக எழும்பவில்லை. எழுத்து வாசிக்கத் தெரியாத மனுஷி. முழு ஞானோபதேசமும் மனப்பாடம். ஒவ்வொரு இரவும் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல, அவர் கூடவே முணுமுணுப்பார். பேரன் ஒரு சொல் மாறிச் சொன்னால் அவர் தடுமாறிப்போவார். அதனால்தான் அவன் மாறாமல் பழகியிருந்தான். மகன் பேரையே மறந்துபோகிற அந்தக் கிழவி, பரமண்டல ஜெபத்தைக் கடைசி ஆமென் வரைக்கும் சொல்லி முடித்ததை நான் கேட்டேன். மனப்பாடத்தைப் பற்றி எளிதாகப் பேசுவதை அன்றோடு குறைத்துக்கொண்டேன்.

சபைக் கூட்டத்தில், அந்தப் பெண் பிள்ளையைச் சேர்க்கலாம் என்று சொன்னேன். "அர்த்தம் மட்டும் கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுவாங்க" என்றார் அதே மூப்பர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில், ஆராதனையில் சபை முன் பிள்ளைகளைக் கேள்வி கேட்கும் வழக்கம் இருக்கிறதல்லவா, அதில் இம்முறை ஒப்புவிக்கச் சொல்லாமல் விளங்கியதைக் கேட்கலாம் என்று முடிவாயிற்று. அந்த யோசனையைச் சொன்னவளும் நான்தான்.

அந்த ஞாயிறு 11 பிள்ளைகளும் வெள்ளை உடுத்தி நின்றார்கள். போதகர் ஐயா அந்தப் பிள்ளையிடம் ஏழாம் கற்பனையைக் கேட்டார். அவள் புத்தக விடையைத் தொடங்கினாள், பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். நான், சொல்லு என்பதுபோலத் தலையை ஆட்டினேன். அவள் மடுவத்தைப் பற்றி, தராசு முள்ளைப் பற்றி, மழை இல்லாத நாளிலும் கழிக்கிற தண்ணியைப் பற்றித் தெளிவாகச் சொன்னாள். மூன்றாவது வாங்கில் அந்தக் கணக்கப்பிள்ளை குடும்பத்தோடு இருந்தார். அவரும் எங்கள் சபைதான். இது எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் நினைவில் இல்லை. தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். போதகர் ஐயா கொஞ்சம் பொறுத்து, "சரி மகள்" என்று மட்டும் சொல்லி, அடுத்த பிள்ளையிடம் எட்டாம் கற்பனைக்குப் போனார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தார்கள். கணக்கப்பிள்ளையும் வரிசையில் வந்து அவளுக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார். நான் தாயிடம் போனேன்.

"அவளுக்கு விளங்கியிருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சா போதாதா மிஸ்?" என்று மெதுவாகக் கேட்டார். "எல்லார் முன்னுக்கும் சொல்ல வைக்கணுமா? நாளைக்கு அந்தத் தராசுக்கு முன்னுக்கு நான்தானே நிக்கணும்."

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல" என்றார். அந்த வார்த்தைக்கு எங்கள் பக்கத்தில் எத்தனையோ அர்த்தம் உண்டு. திங்கட்கிழமை பின்னேரம் மடுவத்துப் பக்கம் போனேன். தூரத்திலிருந்தே என்னைக் கண்டுகொண்டு, வர வேண்டாம் என்று கையால் சைகை காட்டினார். அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். நிறுவை பற்றிய முறைப்பாட்டைப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தொழிற்சங்கத் தலைவர் மூலம் கொண்டுபோவது எப்படி என்று அதன் பிறகு சில மாதங்கள் லயத்தில் இருந்து பேசினோம். அது இன்னும் முடியாத வேலை; அதைப் பற்றி இன்னொரு முறை எழுதுகிறேன்.

இப்போது அடுத்த வகுப்பு நடக்கிறது. 9 பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புதன்கிழமை பின்னேரத்துக்கு மாற்றியிருக்கிறோம். ஒப்புவித்தலுக்கும் புள்ளி உண்டு, அதைச் சபை முன்னால் கேட்கிறோம். விளங்கியதை வீட்டு வாசலில் கேட்கிறோம். கேட்டதை நான் ஒரு கொப்பியில் குறித்து வைக்கிறேன், பிள்ளையும் தாயும் சம்மதித்தால் ஒழிய அது வெளியே போகாது. முன்னைய அறிக்கையில் அந்தப் பிள்ளையின் 2 புள்ளியை நான் மாற்றவில்லை. பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டு, திருத்தியவரின் பிழை என்று எழுதிவைத்தேன். அவள் புதன்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வருகிறாள். ஏழாம் கற்பனையின் விளக்கம் வரும்போது இன்னும் புத்தகத்தைத் திறந்து வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறாள்.